நெருங்கிய உறவினர் பராமரிப்புக்காக

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு தையல் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. நான்கு கம்ப்யூட்டர், ஒரே ஒரு போன் லைன், இணைப்பு கிடைக்கும்வரை கத்தித் தீர்க்கும் ஒரு மோடம். "மெயில் போயிடுச்சா?" என்று பத்து தடவை கேட்பவர்களுக்குப் பத்து தடவையும் "போயிடுச்சு" என்று சொல்வதுதான் முக்கியமான உத்தியோகம். எனக்குப் பொறுமை கம்மி. எட்டாவது தடவையிலேயே மூஞ்சியைக் காட்டிவிடுவேன்.

அந்தப் பெரியவர் மட்டும் எதையும் கேட்க மாட்டார். காலையில் கடை திறந்ததும் வருவார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் பேனா. இணையப் பக்கத்தின் முகவரி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டுவார். நான் டைப் அடித்துத் திறந்து கொடுப்பேன். அமெரிக்காவில் வேலைக்குப் போன மகன், தன்னைப் பற்றித் தானே செய்து வைத்திருந்த பக்கம் அது. அரை மணி நேரம் அதையே பார்ப்பார், காசைக் கொடுப்பார், போய்விடுவார்.

சென்டர் முதலாளிக்கே இது தாங்கவில்லை. "இன்னாம்மா அந்தப் பெரியவரு, தெனமும் ஒரே பக்கத்தையே பாத்துக்கினு கீறாரு? வேற எதனா காட்டேன் அவருக்கு" என்றார்.

நான் காட்டப் போனேன். "சார், தினமும் பார்க்கறீங்களே, பையனுக்கு ஒரு மெயில் தட்டிவிடலாம் இல்ல? நான் டைப் பண்ணித் தரேன். இன்னைக்கு அனுப்பினா நாளைக்கே பதில் வந்துடும்" என்றேன்.

"பதில் வராதும்மா" என்றார். "போன டிசம்பர்ல போயிட்டான். பனியில கார் சறுக்கிடுத்து."

அவரே என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீயும் பாரேன்" என்றார். அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். தொளதொளவென்று ஒரு கோட்டில், முதல் பனியில் நின்று சிரிக்கும் போட்டோ. தனியாக இருக்கும் பையன்களுக்கு வத்தக்குழம்பு செய்முறை. அப்பாவைப் பற்றி ஒரு வரி: 'என் அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவை ஒரு தடவை உதறுவார், வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நிற்கவும்.' அதைப் படிக்கும்போதெல்லாம் பெரியவர் சிரிப்பாராம். அன்றும் சிரித்தார்.

பக்கத்தின் அடியில், வந்தவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக ஓர் இடம் இருந்தது. எங்கெங்கோ இருந்து யார் யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். வத்தக்குழம்பு நன்றாக வந்தது, அடுத்து ரசம் போடுங்கள் என்று அந்த வாரம்கூட ஒருவர் கேட்டிருந்தார்.

"இவாளுக்கெல்லாம் தெரியாது பாத்தியா? இங்க மட்டும் அவன் போனது யாருக்கும் தெரியாது" என்றார் பெரியவர். மாடிப்படி ஏற முடியாத மனைவி, அவர் வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே, "இன்னிக்கு யார் எழுதியிருக்கா?" என்று கேட்பாராம். சமையல் அதற்குப் பிறகுதானாம். இதைக் கேட்டதும் முதலாளி, "இனிமே அவராண்ட காசு வாங்காத" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். பெரியவர் கேட்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டுத்தான் போவார்.

மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் பக்கத்தின் தலையில் சிவப்பில் ஓர் அறிவிப்பு. இந்தப் பக்கத்துக்கான வருடக் கட்டணம் முடிகிறது, மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அழிக்கப்படும். பெரியவர் பதறவில்லை. "கட்டிடலாம். இந்தக் கம்பெனிக்கு மெட்ராஸ்ல பிராஞ்ச் எங்க இருக்கு?" என்றார்.

பிராஞ்ச் எல்லாம் கிடையாது, கிரெடிட் கார்டு நம்பரை இதில் அடித்தால் போதும் என்றேன். அவரிடம் கார்டு இல்லை. என்னிடமும் இல்லை, முதலாளியிடமும் இல்லை. அந்தத் தெருவிலேயே ஒருவரிடமாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம். அவரிடம் இருந்தது பேங்க் கணக்கு. அதில் பணமும் இருந்தது. பேங்க் மூலமாகக் கட்டலாமா என்று கேட்டு மெயில் போட்டேன். கார்டுதான் நல்லது, இல்லாவிட்டால் டாலரில் டிராஃப்ட் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில்தான் இருந்தார். "அவர்கிட்ட கார்டு இருக்கு சார். ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே கட்டிடுவார், நீங்க ரூபாயா என்கிட்ட கொடுத்துடுங்க" என்றேன்.

"வேண்டாம்மா. யாரோ கட்டிண்டு, நான் பாத்துண்டு இருக்கறதா? அவன் இருக்கற எடத்துக்கு நான்தான் வாடகை குடுக்கணும். நான் பேங்க்லயே தலை நரைச்சவன். டிராஃப்ட் எடுத்து அது போய்ச் சேராம இருந்ததே கிடையாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உத்தியோகக் காலத்து மிடுக்கு வந்திருந்தது.

வெளிநாட்டு டிராஃப்ட் பாரிமுனையில் இருந்த பெரிய பிராஞ்சில்தான் கொடுப்பார்களாம். இணையம் என்றால் என்னவென்று அங்கே விளக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கவுண்டரில் இருந்த இளம் அதிகாரி ஃபாரத்தைத் திருப்பி, எதற்காகப் பணம் அனுப்புகிறீர்கள் என்ற இடத்தைக் காட்டினார். படிப்பு, வைத்தியம், பயணம், நெருங்கிய உறவினர் பராமரிப்பு என்று அச்சடித்திருந்தது. இணையப் பக்கத்துக்கு வாடகை என்று எதுவும் இல்லை.

"யாருக்கு சார் அனுப்பறீங்க?"

"பையனுக்கு."

"கம்பெனி பேர்ல கேக்கறீங்களே?"

"அவன் தங்கியிருக்கற எடம்."

"அப்போ பராமரிப்புல டிக் பண்ணுங்க சார். அதான் சரியா வரும்."

நான் வாயைத் திறந்தேன். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பேனாவை எடுத்தார். ஒரு தடவை உதறினார். கையெழுத்துப் போட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, தும்மல் மாதிரி பாவனை செய்து சமாளித்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "பொய் எழுதிட்டேன்னு நினைக்காதே. நெருங்கிய உறவான்னுதான் கேட்டிருக்கா. உயிரோட இருக்கானான்னு கேக்கலையே" என்றார்.

டிராஃப்ட் கைக்கு வரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கூரியரில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் சொன்னது பொய்க்கவில்லை, கெடுவுக்கு முன்பே சேர்ந்துவிட்டது. ஆனால் கம்பெனியில் இருந்து வந்த மெயிலில், டிராஃப்ட் பணமாக மாறச் சில வாரங்கள் ஆகும் என்று இருந்தது. அதுவரை பக்கத்தை அழிக்காதீர்கள், இறந்துபோனவருடைய பக்கம் அது என்று கெஞ்சி எழுதினேன். பதில் இல்லை. பயத்தில் அந்தப் பக்கத்தை ஒரு பிளாப்பியில் சேமித்து வைத்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் அப்படிச் சேமித்தால் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாதம் பிறந்த அன்று காலை வழக்கம்போல வந்தார். முகவரியை அடித்தேன். நீங்கள் தேடும் பக்கம் இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று அந்தத் துண்டுக் காகிதத்தை என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். மறுபடி அடித்தேன். பிளாப்பியைப் போட்டுக் காட்டினேன். பனியில் அவன் சிரித்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம். ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, "ஆத்துல அவ கேப்பாளே" என்றார். மேஜையில் வழக்கமான காசை வைத்துவிட்டு, பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

நானும் கொஞ்ச நாளில் தி.நகரில், கடைகளுக்கு இணையத்தில் இடம் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கும் முதலில் கார்டு மட்டும்தான் என்றார்கள். பேங்க் கணக்கை மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு வழி வேண்டும் என்று நான் சண்டையே போட்டேன். ஊரெல்லாம் கார்டு வந்துவிடும், அதுவரை பொறு என்றார் மேலாளர். பொறுக்க முடியாது சார் என்று கத்திவிட்டேன், வேலை போயிருக்க வேண்டியது. ஒரு வழியாக ஒரு பேங்கோடு பேசி முடித்தார்கள். அவரவர் பேங்கில் இருந்தே எங்கள் கணக்குக்குப் பணம் மாற்றினால், அன்றைக்கே பக்கம் திறந்துவிடும் என்று ஏற்பாடானது.

முதல் வேலையாக, டிராஃப்ட் ஃபாரத்தில் பார்த்த முகவரியை வைத்து, மந்தைவெளியில் இருந்த பெரியவர் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த அவர் மனைவி, நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமி அலமாரியில் அந்த பிளாப்பி, குங்குமப் பொட்டோடு இருந்தது.

விஷயத்தைச் சொல்லி, அந்தப் பக்கத்தை மறுபடி போட்டுவிடலாம் என்றேன். நிதானமாகக் கேட்டுக்கொண்ட பெரியவர், "இனிமே போட்டா அது நாம போட்டதா இருக்கும்மா, அவன் போட்டதா இருக்காது" என்றார். நல்ல ஏற்பாடு, மற்றவர்களுக்கு உதவும் என்று என்னைப் பாராட்டவும் செய்தார். பிறகு உள்ளே போய் ஒரு கவரை எடுத்து வந்தார். கம்பெனி, மன்னிப்புக் கேட்டு, திருப்பி அனுப்பிய டிராஃப்ட்.

"இன்னும் கேன்சல் பண்ணலையா சார்? பணம் திரும்பக் கிடைக்குமே."

"கிடைக்கும். ஆனா எதுக்காக எடுத்தேனோ அந்தக் காரியம் நடக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார். "பேனாவை எடுத்தேன். எழுத வரலைம்மா."

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் போனில் பேங்குகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. விரலால் தொட்டால் நொடியில் பணம் போய்விடுகிறது. அந்த வரிசையில் அவருடைய பேங்கும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் விரல் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறது.