டோர்லா சொன்ன பொய்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எங்கள் பள்ளத்தாக்குப் பூங்காவின் வாசலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையில் டோர்லா டெபட் சமையல்காரி. கை முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாலும் கண் வாசலில்தான் இருக்கும்.

"ஒத்த பாட்டில் தண்ணிய வெச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க மகராசா? பாறை நாளைக்கும் அங்கதான் இருக்கும். நீங்க இருக்கணுமே!" என்று கரண்டியோடு வெளியே வந்து கத்துவாள். பலர் சிரித்துக்கொண்டே போவார்கள். சிலர் திரும்பி வந்து தண்ணீர் வாங்குவார்கள்.

பூங்காவுக்குள் யாராவது காணாமல் போனால், தேடுவதற்கு ஊர்க்காரர்கள் நாங்களே ஒரு குழு வைத்திருந்தோம். சம்பளம் கிடையாது. வண்டி பழுதுபார்க்கும் நானும் அதில் இருந்தேன். கூப்பிட்டால் முதலில் வந்து நிற்பவள் டோர்லா.

அந்த ஆகஸ்டில், வெளியூர்க்காரர் ஒருவர் தன் ஒன்பது வயது மகள் டெஸ்ஸாவோடு வளைவுப்பாறையைப் பார்க்கப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். பாதை தவறி வறண்ட ஓடைக்குள் இறங்கியிருந்தார்கள். மணலில் தடம் இருந்தது.

தகப்பனை நான்தான் முதலில் பார்த்தேன். குப்புறக் கிடந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் டோர்லா மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். தன் மேல்சட்டையைக் கழற்றி அவர் முகத்தை மூடினாள்.

ஓடை வளைந்த இடத்துக்கு அப்பால், ஒரு பாறைக்குடைவின் நிழலில் டெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். தலையில் அப்பாவின் தொப்பி. பக்கத்தில் காலி பாட்டில்கள். தண்ணீர் முழுவதையும் மகளுக்குக் கொடுத்துவிட்டு உதவி தேடிப் போயிருக்கிறார் மனிதர்.

டோர்லா கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டு பிள்ளை கேட்டாள்: "அப்பா எங்க?"

"முன்னாடி போயிட்டாரு கண்ணு. எங்க ஆளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"தண்ணி குடிச்சாரா?"

"வயிறு முட்டக் குடிச்சாரு."

நான் குனிந்து காலி பாட்டில்களைப் பொறுக்கினேன்.

ஆட்களைக் கூப்பிட ஓடைக்குள் ரேடியோ வேலை செய்யாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தகப்பன் கிடந்த பக்கம் போகாமல் வெளியேற இருந்த ஒரே வழி, கையையும் ஊன்றி ஏறவேண்டிய வழுக்குப்பாறை. பிள்ளையைச் சுமந்துகொண்டு அதில் ஏற முடியாது. பாதியில் டெஸ்ஸா உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியல."

"உங்கப்பா நம்ம யாருக்கும் காத்திருக்காம மேல போயி உக்காந்திருக்காரு பாரு. வா, போயி நல்லா நாலு கேள்வி கேப்போம்" என்றாள் டோர்லா.

பிள்ளை சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து ஏறினாள்.

மேலே, காலையிலேயே வரச்சொல்லியிருந்த ஆம்புலன்ஸ் நின்றது. டெஸ்ஸா உள்ளே எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எங்கள் வண்டிக்குள்ளும் பார்த்தாள். பிறகு டோர்லாவிடம் வந்து நின்றாள். டோர்லா அவள் முன் குந்தினாள்.

"கண்ணு, அப்பா செத்துட்டாரு. கீழயே செத்துட்டாரு. நான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

டெஸ்ஸா கேட்டாள்: "அப்ப அவரு தண்ணி குடிக்கலையா?"

"இல்லம்மா."

பிள்ளை இரண்டு கைகளாலும் அவள் முகத்திலும் மார்பிலும் அடித்தாள். நான் விலக்கப் போனேன். "விடு கார்வின்" என்றாள் டோர்லா.

மறுநாள் டெஸ்ஸாவின் அம்மா விமானம் பிடித்து வந்து சேர்ந்தாள். கடைக்கு வந்து டோர்லாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு உயிரோட இருக்கான்னா நீங்கதான் காரணம்" என்று அழுதாள். வெளியே காரில் இருந்த டெஸ்ஸா இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"நீ அந்தப் பொய்ய சொல்லலேன்னா அந்தப் புள்ள நடந்திருக்காது" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண?" என்றாள்.

அதன்பின் அவள் கரண்டியோடு வெளியே வந்து கத்தியதில்லை. தேடுதலுக்கு மட்டும் கூப்பிட்டபோதெல்லாம் வந்தாள். ஆனால் உயிரோடு கிடைத்தவர்கள் பக்கம் போகமாட்டாள்; தூரத்தில் நின்றுகொள்வாள். இறந்தவர்களைத் தூக்கிவரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இவங்க எங்கிட்ட எதையும் கேக்கமாட்டாங்க" என்பாள். இடுப்பு விட்டுப்போகும்வரை ஒவ்வொரு கோடையிலும் அதைத்தான் செய்தாள்.