முடிச்சுக்குப் பதில் கொக்கி

எங்கள் தொழிற்சாலைக்குள் உலோக நகை போட்டுக்கொண்டு போகக் கூடாது. அதனால் சுங்குவார்சத்திரம் விடுதியில் நாங்களே பாசிமணி கோத்து, நூலால் முடிந்துகொள்வோம். என் அறையில் தங்கியிருந்த தென்காசிக்காரி செல்விக்குக் கோத்தபோது, முடிச்சு அசிங்கமாக இருக்கிறதென்று சின்னக் கம்பிக் கொக்கி வைத்து, நானே அவள் கழுத்தில் மாட்டியும்விட்டேன்.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் அவள் நுழைந்ததும் சோதனைக் கருவி அலறியது.

"போனை எங்கம்மா ஒளிச்சுக்கினு வர்ற?" என்று காவலாளி அக்கா அவளைச் சோதனை போடத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

பின்னால் நின்ற நான், ஷிப்டுக்கு நேரமாகிறதென்று பக்கத்து வரிசைக்கு நழுவினேன்.

சாயங்காலம் செல்வி கொக்கியை அறுத்துவிட்டு, அதே பாசியை நூலால் முடிந்துகொண்டிருந்தாள்.

"நீ வேற வரிசைக்குப் போனதப் பாத்தேன் புள்ள. நல்லவேளை, உனக்காவது லேட்டாகல," என்றாள்.

இன்றும் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றால், அந்த முடிச்சைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொள்கிறேன்.