ஒரு பக்கம் இறங்கியவர்கள்

தொழிற்சாலை முதலுதவி அறையில் விரலை வெட்டிக்கொண்டவன் கத்திக்கொண்டே வருவான். விதைப்பையில் சந்தேகம் வந்தவன் தலைவலி மாத்திரை கேட்டு வருவான். ஒரகடத்தில் ஆண் நர்ஸாக ஒன்பது வருடம் ஓட்டிவிட்டேன். என்னைப் போல் முதலுதவி அறைகளில் அவதிப்படும் சக நர்ஸ்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று நாள் தலைவலி

முத்துராஜ் கோவில்பட்டிக்காரன். தரப் பரிசோதனையில் வேலை, வடக்குப்பட்டில் வாடகை அறை. மூன்று நாள் மாத்திரை வாங்கினான். நான்காம் நாள் கதவைச் சாத்திவிட்டு, இடது விதை இறங்கியிருக்கிறது, கனத்து வலிக்கிறது என்றான். அடுத்த மாதம் கல்யாணம். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறானாம். பெரும்பாலான ஆண்களுக்கு ஒன்று சற்று இறங்கித்தான் இருக்கும் என்றேன். கேட்டால்தானே!

“லைன்ல ரெண்டு பீஸ் ஒரே மாதிரி இல்லன்னா நானே ரிஜெக்ட் பண்ணுதேன் சார். என்னைய மட்டும் எப்படி பாஸ் பண்ணச் சொல்லுதீங்க?”

லூஸ் பேண்ட்

டாக்டர் வரும் வியாழக்கிழமைக்கு அவனை வரச் சொன்னேன். அன்று வரிசையில் அவனுக்கு முன்னால் பிள்ளைப்பாக்கத்து சூப்பர்வைசர் ஏழுமலை. வருடா வருடம் யூனிஃபார்மில் ஒரு சைஸ் பெரிய பேண்ட் கேட்பவர். சாப்பாட்டு ராமன் என்று கேலி செய்திருக்கிறேன். அந்த வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் தேங்காய் அளவுக்கு ஓதம். விதையைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர்.

“இன்னா சார், வெறும் தண்ணியா? இதுக்கா நாலு வருசமா பொண்டாட்டியாண்ட கூட சொல்லாம பயந்துகினு இருந்தேன்?”

செக் ஷீட்

முத்துராஜ் உள்ளே போனதும் ஒரு தாளை நீட்டினான். ஒரு வாரமாக ஷிஃப்டுக்கு மூன்று முறை எடுத்த அளவுகள், கையெழுத்தோடு. எதால் அளந்தான் என்று நான் கேட்கவில்லை. கம்பெனியில் பாகங்களை அளக்கும் வெர்னியர் என்று சொல்லிவிட்டால்? டாக்டர் அவனை நிற்கவைத்துப் பார்த்தார். இடது பக்கம் ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தன. வெரிகோசீல், நின்று வேலை செய்தால் கனக்கும். ஸ்கேனும் விந்துப் பரிசோதனையும் எழுதினார்.

“அளவு எடுக்கறதை விடுப்பா. கல்லு மாதிரி கட்டி தட்டுப்பட்டா உடனே வா. திடீர்னு வலி பிடுங்கினா ஷிஃப்ட் முடியறவரைக்கும்கூட காத்திருக்காதே.”

கம்மல்

ரிப்போர்ட் வரும்வரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது. எல்லாம் நல்லபடி. இப்போதைக்கு ஆபரேஷன்கூட வேண்டாமாம். அவனைவிட எனக்குத்தான் அதிக சந்தோஷம். ஆனாலும் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் மறைக்கக் கூடாது என்று என் அறையிலிருந்தே போன் போட்டான். அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்:

“என் காதுலயுந்தான் ஒரு கம்மல் எறங்கித் தொங்குது. அதுக்காக என்னைய வேண்டாம்னு சொல்லிருவீங்களா?”

இப்போதெல்லாம் யாராவது தலைவலி மாத்திரை கேட்டால், முதலில் கதவைச் சாத்திவிட்டுத்தான் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன்.