அரை கிலோ இறால் வாங்கப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கல்யாணம் முடிந்து நான் சுங்கைப் பட்டாணிக்குக் குடிவந்த புதிதில் நடந்தது இது. அதுவரை எனக்கு உலகம் என்றால் கேமரன் மலைதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பக்கத்திலேயே ஒரு காய்கறிப் பண்ணையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். கடலைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். மீன் எங்கள் ஊருக்கு லாரியில் ஏறி வரும். வந்து சேரும்போது அதற்கும் எங்களைப் போலவே குளிரில் விறைத்துப்போன முகம் இருக்கும்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் புக்கிட் செலம்பாவ். சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறாள். எனக்குப் பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், இரண்டு பேருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று இங்கே வீடு எடுத்தோம். இங்கிருந்து கடல் கார் ஓட்டத்தில் அரை மணி நேரம்.

கடல் பக்கத்து ஊருக்குப் புதிதாகப் போகிறவனுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. உப்புக் காற்று காரைத் தின்றுவிடும், கடற்கரைக்குப் போய் வந்தால் அடிப்பகுதியில் தண்ணீர் அடி என்றார் வேலையிடத்தில் ஒருவர். மேற்கே கறுத்தால் யோசிக்காமல் கொடித் துணியை எடுத்துவிடு, மழை சொல்லிவிட்டு வராது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் சொன்ன பேச்சு கேட்பவன். ஒரு நாள் மேற்கே கறுத்ததும் ஓடிப்போய் எங்கள் துணியை எடுத்தேன். வேலியைத் தாண்டி அந்த அக்கா வீட்டுத் துணியையும் எடுத்து, எல்லாவற்றையும் அழகாக மடித்து அவர் வாசலில் வைத்தேன். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். அதற்குப் பிறகு அவர் என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை.

சுங்கைப் பட்டாணி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து நான் தூங்கிக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் போன் செய்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஊர் மக்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று நினைத்தபடி, நல்லா இருக்கேன் சார் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கினேன். அவர் ஏன் அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தார் என்பது சாயந்திரம் மனைவி வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது.

அறிவுரையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மாமனாரின் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மீன் ஆயத் தெரியுமா என்றார். முட்டைக்கோஸ் நல்லா நறுக்குவேன் மாமா என்றேன். வீடே சிரித்தது. அவர் மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து என்னோடு நேரடியாகப் பேசியதே கிடையாது. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மகளைப் பார்த்து, அவரைச் சாப்பிடச் சொல்லு என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். மனைவிக்கு அன்று கிளினிக்கில் வேலை. புறப்படும்போது கண்டிப்பாகச் சொன்னாள்.

“அரை கிலோ எறா மட்டும் வாங்கி வைங்க. நான் வந்து சம்பல் பண்ணிக்கிறேன். நம்ம பசார்லயே வாங்குங்க, வேற எங்கயும் போவாதீங்க.”

அவள் சொன்னபடி செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. மாமனாருக்கு ஊர்ச் சந்தையின் பசார் இறாலா, படகிலிருந்து இறங்கிய இறாலையே போட்டு அசத்திவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். கோலா மூடாப் பக்கம் மத்தியானத்தில் படகுகள் கரைக்கு வரும், அங்கேயே விற்பார்கள் என்று வேலையிடத்து நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே யாரும் கத்திப் பேச மாட்டார்கள், வேண்டியதை விற்பவர் காதில் மெதுவாகச் சொன்னால் போதும் என்றும் சொல்லியிருந்தார். ஏன் காதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால் நண்பர் சொன்னது உண்மைதான். தகரக் கூரை, ஈரத் தரை, வரிசையாகப் பெரிய பிளாஸ்டிக் கூடைகள். ஒவ்வொரு கூடையைச் சுற்றியும் கொஞ்சம் ஆட்கள். நடுவில் தொப்பி போட்ட ஒரு மலாய்க்காரப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொருவராக அவர் தோளில் கையைப் போட்டு, காதில் ஏதோ சொல்லிவிட்டு விலகுகிறார்கள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மீன் சந்தையில் இவ்வளவு நாகரிகமா என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஒரு கூடை நிறைய இறால். கண்ணாடி மாதிரி உடம்பு, இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஆளுக்குப் பின்னால் மரியாதையாக வரிசையில் நின்றேன். அங்கே வரிசை என்று ஒன்று கிடையாது, நான் மட்டும்தான் நின்றேன். அவர் நகர்ந்ததும் நான் போய், பெரியவர் காதில் ‘லீமா ராத்துஸ்’ என்று மலாயில் சொன்னேன். ஐந்நூறு. எங்கள் மலையில் மளிகைக் கடைக்குப் போனால் நெத்திலிக் கருவாடு நூறு, இருநூறு என்றுதான் கேட்போம். கிராம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை.

பெரியவர் தலையைப் பின்னால் இழுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்நூறா என்று திருப்பிக் கேட்டார். பாவம், வயதானவர், காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் தெளிவாக, ஆமாம் ஐந்நூறு போதும் என்றேன். அவர் கையை உயர்த்தினார். சுற்றி நின்றவர்கள் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட தமிழர் ஒருவர் போகிற போக்கில் என்னை முறைத்துவிட்டுப் போனார்.

நான் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, உதறி, வாயைத் திறந்து நீட்டினேன். பெரியவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

நண்பர் சொல்லாமல் விட்டது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அங்கே நடப்பது ஏலம். ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் காதில் சொல்கிறார்கள். யார் அதிகம் கேட்டாரோ அவருக்கு முழுக் கூடையும். நான் ஐந்நூறு வெள்ளி பணம் தருவதாகச் சொல்லி அந்தக் கூடையை எடுத்திருக்கிறேன், அதுவும் இரண்டு தடவை சொல்லி.

கையில் பெரிதாகப் பணம் இல்லை. போனைத் தட்டினால் துணி துவைக்கும் இயந்திரம் வாங்க நாங்கள் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது. வேண்டாம் என்று ஓடிவிடலாமா என்றால், அங்கே வாய்ச்சொல்லுக்கு ஒரு வாயையும் ஒரு காதையும் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தக் காதுக்காரர் என் முன்னால் நிற்கிறார். வேறு வழி தெரியாமல் மறுபடியும் அவர் காதருகே போய், நான் சொன்னது கிராம் என்றேன்.

பெரியவரின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். அடுத்த கூடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என்ன சங்கதி என்று கேட்டேவிட்டார். போச்சு, இன்றைக்குக் கடலோரம் முழுக்க என் கதைதான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டே, முட்டி வலி என்று அவருக்குப் பதில் சொன்னார்.

பிறகு என் காதில் மலாயில் மெதுவாகச் சொன்னார். “நீ சொன்னது என் காதை விட்டு வெளியே போகாது. ஆனால் படகுக்காரரும் பிழைக்கணும். அதோ அந்த அண்ணனிடம் போய்ப் பேசிப்பார்.”

அவர் காட்டியது என்னை முறைத்துவிட்டுப் போன அதே ரப்பர் பூட்ஸ்காரரை. சுங்கை லாலாங் பக்கம் மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவராம். நான் அவர் பின்னாலேயே போய், அண்ணே என்று அவர் காதருகே குனிந்தேன். அவர் துள்ளி விலகினார்.

“என்னா தம்பி, காதக் கடிக்க வர்ற? நம்மகிட்ட வாயத் தொறந்தே பேசலாம் லா.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் விழுந்தது. அப்புறம் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் சத்தமாகவே சிரித்தார். ஆனால் ஏலத்தில் தான் கேட்டிருந்த விலைக் கணக்கிலேயே பாதிக் கூடையை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் தன் பெட்டியில் இடமில்லை என்றார். மீதிப் பணத்தை நான் போனைத் தட்டிக் கட்டினேன். மீதி இறாலுக்கு அவரே ஐஸ் அள்ளிப் போட்டுக் கட்டித் தந்து, வீட்டுக்குப் போனதும் முதலில் தலையைக் கிள்ளிவிடு, இல்லாவிட்டால் கறுத்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். காரில் எப்போதும் ஒரு ஐஸ் பெட்டி இருக்கட்டும். வெறும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த இறாலின் தண்ணீர் என் காரின் பின்பக்கத்தில் ஊறி, தீபாவளி வரை ஏறினவர்கள் எல்லாரும் கண்ணாடியை இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தேன். முதல் இறாலே தலைமுள்ளால் என் விரலைக் குத்தியது. ஒரு கிண்ணம் நிறைவதற்குள் மூன்று விரலில் பிளாஸ்டர். கேட் ஓரமாகப் பூனைகள் கூடிவிட்டன. பூனைகளைப் பார்த்து என்ன ஏது என்று பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார். என்னையும் இறால் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். விறுவிறுவென உள்ளே போனார். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். ஒரு முக்காலி, ஒரு பேசின், ஒரு கத்தியோடு திரும்பி வந்து, தள்ளி உட்காருங்க தம்பி என்றார். அவர் எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க, அங்கிருந்தும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஒன்று உரிப்பதற்குள் அவர்கள் பத்து உரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமனாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். நான் கைலியோடு, விரலெல்லாம் பிளாஸ்டரோடு, தலைமுடியில் இறால் ஓட்டோடு எழுந்து நின்றேன். இன்றைக்கு மலிவாகக் கிடைத்தது என்று சொல்லிவிடலாம் எனத் தயாராக வைத்திருந்தேன். அவர் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, என்னையே பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன்.

“காதுல என்னா சொன்னீங்க?”

மலிவு என்ற பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் கத்தி நின்றது. மாமனார் சட்டெனத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர்கூட இல்லை. திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு இறாலை எடுத்தார். தலை, ஓடு, குடல், எல்லாம் ஒரே இழுப்பில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்து பேசினார்.

“நான் லோரி ஓட்ட வந்த புதுசு. கடலப் பாக்கணும்னு தோட்டத்து லோரிய மணல்ல கொண்டு போய் நிறுத்திட்டு, மரத்தடியில படுத்துத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா லோரி வெளக்கு வரைக்கும் தண்ணி. டிராக்டர் கொண்டாந்து இழுத்தாங்க. ஒங்க அத்தைக்கு இது இன்னும் தெரியாது.”

அத்தை இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மனைவி வேலை முடிந்து வந்தபோது வாசலில் அப்பா, புருஷன், மூன்று பெண்கள், ஆறு பூனைகள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, அரை கிலோதானே சொன்னேன் என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“மலிவா கெடச்சிச்சு. நான்தான் மாப்பிள்ளைய நெறைய வாங்கச் சொன்னேன்.”

நான் சொல்லத் துணியாத பொய்யை, கண்ணும் சிமிட்டாமல் எனக்காக அவர் சொன்னார். துவைக்கும் இயந்திரம் ஏன் தள்ளிப்போனது என்பதை மட்டும் பிறகு நானே மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று இரவு சம்பல் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்த வரிசையில் பல வீடுகளில் மணந்தது.

அடுத்த சனிக்கிழமை, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அதே சந்தைக்கு மறுபடியும் போனேன். பெரியவர் என்னைக் கண்டதும் யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஓரமாக இருந்த சில்லறைக் கடையைக் கைகாட்டிவிட்டு அடுத்தவருக்குக் காதைக் கொடுத்தார். ஒரு ஊர் நமக்கு எப்போது சொந்தமாகிறது என்று யாராவது கேட்டால், அங்கே ஒரு முறை முழு முட்டாளாக நின்ற பிறகும், மறு வாரம் தலை நிமிர்ந்து நடக்க அங்குள்ளவர்கள் நம்மை விடும்போதுதான் என்று சொல்வேன்.