அக்கா பிடித்த ஸ்கேல்

அக்கா போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவள் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு போட்டோ கிடைக்காதா என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்தது அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான். இருபது வருடப் பழசு, முறைத்துக்கொண்டிருப்பாள். உடம்பு மெலியத் தொடங்கிய பிறகு யார் போனை நீட்டினாலும் கையால் முகத்தை மூடிக்கொள்வாள். "இந்த மூஞ்சிய வச்சு என்னடா பண்ணப் போற?" என்பாள்.

இத்தனைக்கும் அவளைக் கட்டியவர் காமிராவும் கையுமாக அலைகிற ஆள். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், லீவு கிடைத்தால் பறவை. ஏரிக்கரையில் மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்பதால் நான் வைத்த பேர் கொக்கு. முகத்துக்கு நேரே மாமா, முதுகுக்குப் பின்னால் கொக்கு. அக்காவுக்கும் அது தெரியும், சிரிப்பாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு கொக்கு நீளமான லென்ஸ் ஒன்று வாங்கினார். முதல் வாரமே முகம் தொங்கிப்போய்விட்டது. மீன்கொத்தியின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் நாணல் தெளிவாக விழுகிறது, பறவை மங்கல். ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து எடுத்துப் பார்த்து, ஃபோகஸ் எவ்வளவு பின்னால் போகிறதோ அதற்கேற்பக் காமிராவுக்குள் ஓர் எண்ணைக் குறைத்துக்கொண்டே வர வேண்டுமாம்.

அந்த வீட்டில் எட்டு மீட்டர் நேராகக் கிடைப்பது சமையலறைத் தொட்டியிலிருந்து படுக்கையறை ஜன்னல் வரைதான். ஜன்னலோரம் அக்காவின் கட்டில். ஸ்கேலை எதில் நிறுத்துவது என்று அவர் மண்டையைச் சொறிந்தார்.

"குடுங்க, சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்று அக்கா வாங்கிக்கொண்டாள்.

"உன் மூஞ்சியும் விழும்க்கா" என்றேன், வேண்டுமென்றே.

"அவரு ஸ்கேலத்தானேடா எடுக்குறாரு. என்னை யாரு பாக்கப் போறா?"

தலையணையில் சாய்ந்து, நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் ஸ்கேலைப் பிடித்தபடி நான்கு சாயங்காலம் உட்கார்ந்தாள். "ஆடாத" என்பார் அவர். "மூச்சாவது விடலாமா?" என்பாள் இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நடக்க முடியாதவளை ஸ்டாண்டாக்கிவிட்டாரே இந்த மனுஷன் என்று அவளிடமே கத்தினேன்.

"நீ சும்மா இரு. அவரு இப்படி என் எதிர்ல வந்து நின்னு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" என்றாள்.

இன்னொரு தலையணையை எடுத்து அவள் முழங்கைக்கு அடியில் வைத்தேன்.

அந்த ஞாபகம் வந்ததும் ஓடிப்போய், "மாமா, ஸ்கேல் போட்டோ எல்லாம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் மெதுவாக எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். கடைசி நாள் எடுத்த ஒன்பது படம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகள் கத்தி மாதிரி இருந்தன. அக்காவின் கட்டைவிரல் நகம்கூடத் தெளிவு. அதற்கு மேலே அக்கா, ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவள்போல. வாய் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை.

"இதெல்லாம் மைனஸ் பதினாலு. இதுலதான் லென்ஸ் சரியாச்சு" என்றார்.

"மொத நாள் எடுத்தது?"

"அது ஃபோகஸ் பின்னாடி போன படம், மாப்ள."

"எவ்வளவு பின்னாடி?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு சாண். நேரா அவ கண்ணுல விழுந்திருந்துச்சு. இமை முடிய ஒண்ணொண்ணா எண்ணலாம். சிரிச்சிக்கிட்டிருந்தா. நான் ஸ்கேலத்தான் பாத்தேன். மங்கலா இருக்குன்னு அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது.

"அழிச்சத மீட்டுக் குடுக்குற கடை இருக்கு மாமா. அந்த மெமரி கார்ட எடுங்க."

"கேட்டுட்டேன்" என்றார். "நேத்தே போய்க் கேட்டேன், வராதாம். அது மேல ரெண்டாயிரம் மீன்கொத்தி எடுத்து வச்சிருக்கேன்டா."