அய்யம்மாள் மதினியின் மடி முடிச்சு

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப்பூ எடுக்கிறவர்களுக்கு விரல்தான் சோறு. ஒரு விரல் மக்கர் பண்ணினாலும் வேலை கிடையாது. என் அண்ணன் பெண்டாட்டி அய்யம்மாள் மதினியின் விரல்களை நம்பித்தான், அண்ணன் போன பிறகு, அந்த வீடு ஓடுகிறது.

போன தையில் தோட்டத்துக்குப் போகும் வாய்க்கால் பாதையில் பைக்கில் வருகிற ஒருத்தன் மதினியை மறிக்க ஆரம்பித்தான். தோட்டக்காரரிடம் சொன்னோம். "கொஞ்சம் சுத்திப் போங்களேன்" என்றார். மறிக்கிறவன் நேராகப் போவானாம், நடக்கிறவள் சுற்றிப் போக வேண்டுமாம். நல்ல நியாயம்.

"ஏதாச்சும் சண்டை கத்துக்கிட்டாத்தான் சரிவரும்த்தா. ஆனா விரல்ல அடிபடக் கூடாது" என்றாள் மதினி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினோம். சிலம்பம் கற்கும் பிள்ளைகளின் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. கராத்தே வகுப்பில் ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் மதினி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். கடைசியாகப் போனது ஜூடோ வகுப்பு. மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஆளைத் தூக்கிப் போடுறதெல்லாம் உங்களுக்கு வேணாம்மா. பிடியில இருந்து நழுவணும், அடிபடாம விழணும், எந்திரிச்சு ஓடணும். அம்புட்டுத்தான்."

"விழுகவா பஸ் ஏறி வந்தேன்? அதைத்தான் தெனமும் செய்றேனே" என்றாள் மதினி. ஆனாலும் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு சேர்ந்தாள்.

அங்கேதான் வில்லங்கம். விழும்போது கைகளை விரித்து மெத்தையில் அறைய வேண்டும். மதினியின் கைகளோ இடுப்புக்குப் போயின. நாங்கள் சேலையை மடியாகக் கட்டி அதில்தான் மொட்டுகளைப் போடுவோம். வரப்பில் வழுக்கினாலும் மடியைப் பிடித்துக்கொண்டே விழுவோம். முழங்கை போனாலும் போகட்டும், பூ நசுங்கக் கூடாது.

"மடியில ஒண்ணுமில்லம்மா, கையை விடுங்க" என்று மாஸ்டர் வாராவாரம் சொல்லி ஓய்ந்தார். திரும்பும்போது மதினி பஸ்ஸில் நின்றபடியே தூங்குவாள். பார்க்க எனக்கே அலுப்பாக இருக்கும்.

சித்திரையில் ஒரு காலை, மடி நிறையப் பூவோடு எடை போட எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வாய்க்கால் பாதையில் மறிக்கிறவன் வண்டியை நிறுத்தி இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மதினியின் மறுகை வழக்கம்போல் மடிக்குப் போனது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. இறுக்கிப் போட்ட முடிச்சு, செத்த நேரம் அவிழவே இல்லை. பிறகு பூவெல்லாம் மண்ணில் கொட்ட, கையை முறுக்கி நழுவினாள், மாஸ்டர் சொன்னபடி கைகளை விரித்து விழுந்தாள், உருண்டு எழுந்து என்னிடம் ஓடிவந்தாள். நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத் தோட்டத்து ஆட்கள் திரண்டார்கள். அவன் வண்டியோடு ஓடிவிட்டான்.

மதினி ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அதற்கப்புறம்தான், மிதிபட்ட மொட்டுகளைப் பார்த்து அழுதாள்.

மறுநாள் தோட்டத்தில், ஒரே இழுப்பில் அவிழும்படி மடிக்குச் சுருக்கு முடிச்சுப் போட்டாள்.

"அவன் பாட்டுக்குத் திரியுறான். நான் முடிச்சை மாத்திக் கட்ட வேண்டியிருக்கு பாருத்தா" என்றாள்.

என் முடிச்சையும் அவிழ்த்து, அவள் கட்டியதைப் போலவே கட்டிக்கொண்டேன்.