பச்சோந்திக்குக் கட்டிய நூல்

ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் என் மகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிற ஒரு பிராணிக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம்? இரண்டு காட்சியாகவா, ஒன்றாகவா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

பெரம்பலூரில் என் கணவர் பள்ளி ஆசிரியர். போன ஆவணியில் எனக்கு இரண்டாவது குழந்தை வயிற்றில் நான்கு மாதம். விறகு விற்கும் அம்மாள் முற்றத்தில் கட்டை இறக்கியபோது, நான்கு வயது மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒரு குச்சி முழிக்குது."

"பச்சோந்தி தாயி," என்றார் அந்த அம்மாள். "வேலியிலேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. சீறும், அவ்வளவுதான்."

நான் பெரும்பாலும் படுத்தே கிடந்த நாட்கள் அவை. மகளுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று சம்மதித்தேன். ஆனால் காக்கை கொத்துமோ, தெருவில் வண்டிச் சக்கரத்தில் சிக்குமோ என்று பயம். தையல் நூலை நாலாக முறுக்கி அதன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கறிவேப்பிலைச் செடியில் முடிந்தேன்.

பிற்பகல்களில் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரைத் தூக்கத்தில் எது இலை, எது அது என்று தெரியாது. ஒரு காலைத் தூக்கும். முன்னும் பின்னும் ஆடும். வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைக்கும். காற்றில் அசையும் இலையென்று பூச்சிகள் நம்பிவிடும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டியிருந்ததால், இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிப்பதுபோலக் கிளையைப் பிடித்தது. கண்ணை முழுக்க இமை மூடியிருக்க, நடுவில் ஊசி நுழையும் அளவே துளை. எதிரே வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். அடுத்த கணம் இருக்காது. நடுவில் அந்த நீள நாக்கு போய்வந்ததை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

மணமாகும் முன் ஓராண்டு பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். பச்சோந்தி எதன்மேல் இருக்கிறதோ அதன் நிறமாகிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் சிவப்புப் புடவையில் விட்டுப் பார்த்தோம். சிவக்கவில்லை. கறுத்து, உடம்பைத் தட்டையாக்கிச் சீறியது.

"அதுக்குக் கோவம்மா," என்றாள் மகள்.

காலையில் வெயில் படும் விலா மட்டும் கறுத்திருக்கும், நிழல் பக்கம் வெளிறியிருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ளத்தான் அந்தக் கறுப்பு என்று மெல்ல விளங்கியது. ஒரு வகுப்புக்கே தப்பாகச் சொல்லிவிட்டேனே என்று இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது.

புரட்டாசியில் அதன் வயிறு பெருத்தது. "வூட்டுல ரெண்டு பேருக்கு வயிறு ஊதுது," என்று கணவர் கேலி செய்தார். நான் கோபித்துக்கொண்டேனே தவிர, அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமென்று மாமியார் என்னை அரை வயிறு சாப்பிடச் சொல்லியிருந்தார். அப்படியே செய்துவந்தேன். அதுவும் தின்றுதான் பெருத்தது என்று நினைத்து, மகளை அதற்கு வெட்டுக்கிளி பிடித்துப் போட விடாமல் தடுத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் அது செடியைவிட்டு இறங்கி மண்ணைப் பிறாண்டத் தொடங்கியது. ஓடிப்போகப் பார்க்கிறது என்று நூலைக் குட்டையாக்கினேன். மூன்றாம் நாள், பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கறுத்துத் தொங்கியது.

அன்று விறகு கொண்டுவந்த அம்மாள் சுமையைக்கூட இறக்காமல் நின்றார்.

"ஏன் தாயி, முட்டை போடுற உசுரையா கட்டிப் போட்டுருக்கீங்க? மண்ணுக்கு எறங்கணும் அது. அடக்கி வச்சா செத்துப்போயிடும். வயித்துப் புள்ளக்காரி, ஒங்களுக்குத் தெரியாதா?"

நூலை அறுத்தேன். மழை பெய்யாமல் கரிசல் மண் இறுகிக் கிடந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டு நனைத்தேன். அன்று பகல் முழுவதும் அது தோண்டியது. பிறகு திரும்பிக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய, குழிக்குள் பின்பக்கமாக இறங்கியது. புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக ஒன்றிரண்டு கண்ணில் பட்டன. பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளி மூடி மிதித்து, தோல் சுருங்கிப்போன உடம்போடு ஆடி ஆடி வேலிக்குள் போய்விட்டது. பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

"முட்டைய வுட்டுட்டுப் போயிடுச்சே. யாரும்மா பாத்துக்குவா?"

"குஞ்சு தானா வந்துடும்மா. வந்ததும் ஒனக்குக் காட்டுறேன்."

மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மார்கழியில் பிரசவத்துக்காக வரதராஜன்பேட்டையிலுள்ள என் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டோம். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் அரியலூரில் நெடுநேரம் நின்றது. மகள் என் மடியில் சாய்ந்துகொண்டு, "தம்பி பொறந்ததும் நீயும் வேலிக்குள்ள போயிடுவியா?" என்று கேட்டாள். குஞ்சு வரும்போது நாம் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம் என்று மறுபடியும் வாக்குக் கொடுத்தேன்.

தையில் தம்பி பிறந்து, பங்குனியில் பெரம்பலூர் திரும்பிவிட்டோம். இப்போது சித்திரை. முட்டை மண்ணுக்குள் போய் ஆறு மாதம் ஆகிறது. தினமும் காலையில் மகள் அங்கே குந்தி, காதை மண்ணில் வைத்துக் கேட்கிறாள். எத்தனை மாதம் ஆகுமென்று விறகு அம்மாளைக் கேட்டேன். "போடுறதத்தான் தாயி பாத்துருக்கேன். பொரிக்கிற வரைக்கும் யாரு குந்திருந்தா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பட்டினி போட்டதில் அவை உள்ளேயே கெட்டுப்போயினவோ, நூல் இறுக்கியதில் நசுங்கினவோ தெரியவில்லை. தோண்டிப் பார்க்கக் கை போகிறது. உயிரோடு இருந்தால் நானே கொன்றவளாவேன் என்று நின்றுவிடுகிறேன். வயற்காட்டிலோ வேலியோரத்திலோ பச்சோந்தி முட்டை பொரித்ததைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கும் உங்களில் இருந்தால், எத்தனை மாதம் காத்திருக்கலாம், இந்த வெயிலில் மண்ணை நனைக்கலாமா என்று தயவுசெய்து எழுதுங்கள். ஒன்றும் வராது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும் எழுதுங்கள். அப்போது அதை என் மகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.